தடம் பார், தொடாதே: தேரி மணலில் ஓர் அறிவியல் நடை

ஏழாம் வகுப்பில் முதுகெலும்பிகளின் வகைப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். "ஊர்வனவற்றின் தோல் உலர்ந்தது, செதில்களால் மூடப்பட்டது" என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் வெளியே ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். சத்துணவுக் கூடத்தின் பின்புறம் பெரிய வகுப்புப் பையன்கள் நான்கு பேர் கையில் கம்புடன் நின்றார்கள். செம்பழுப்பு நிறத்தில், தலையும் வாலும் ஒன்றுபோல் மழுங்கிய தடித்த பாம்பு ஒன்று நசுங்கிக் கிடந்தது.

"டீச்சர், பாம்புன்னா அடிக்கணும்லா?" என்றான் ஒருவன்.

அது மண்ணுளிப் பாம்பு. நஞ்சில்லாதது, எலிகளைத் தின்பது. இது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஓடி வரும்போது "தள்ளி நில்லுங்க" என்றுதான் கத்தினேன். "அடிக்காதீங்க" என்று சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் பயம். அவன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வகுப்புக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். அடுத்த வாரத் தேர்வில் "ஊர்வனவற்றின் பண்புகள் இரண்டு எழுதுக" என்ற வினாவுக்கு ஏறக்குறைய எல்லாருமே முழு மதிப்பெண் பெற்றார்கள். பள்ளிக்குள் செத்துக் கிடந்த உயிர் எது, அது ஏன் அங்கே வந்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கூச்சத்தில் தொடங்கியதுதான் எங்கள் தேரி நடை. மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். என்ன செய்தோம், எதில் தடுமாறினோம் என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தேரி என்னும் வகுப்பறை

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கலந்தாய்வில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்தபோதுதான் தேரியை முதன்முதலாகப் பார்த்தேன். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் செம்மணல் குன்றுகளைத்தான் இங்கே தேரி என்கிறார்கள். குதிரைமொழித் தேரி அவற்றுள் பெயர் பெற்றது. மணல் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. இன்றும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இது உண்மையான பாலைவனம் அன்று. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். இங்கே அதைப்போல இரு மடங்குக்கும் மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்ததை மணல் உடனே உறிஞ்சிக்கொள்ளும். மற்ற மாதங்களில் பகல் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பனையும் உடை மரமும் முந்திரியும் தாங்கி நிற்கின்றன. ஆகவே பாலை உயிர்கள் வெப்பத்தையும் நீரின்மையையும் எப்படிச் சமாளிக்கின்றன என்ற பாடத்தை நடத்த, எங்களுக்கு ராஜஸ்தான் போக வேண்டிய தேவை இல்லை. பள்ளியின் பின்வாசலைத் திறந்தால் போதும்.

புறப்படும் முன்

முதல் ஆண்டு ஆர்வத்தில் உடனே கிளம்பிவிட இருந்தேன். தலைமை ஆசிரியர்தான் தடுத்தார். "பிள்ளைகளைப் பாம்பு இருக்கிற இடத்துக்குத்தானே கூட்டிப் போறீங்க? அப்ப ஒரு மாசம் தயார் பண்ணுங்க" என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு மாதத்தில் செய்தவை இவை.

பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றோம். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது என்பதால் அதையும் பெற்றோம். ஒரு நடைக்குப் பதினைந்து மாணவர்கள், மூன்று பெரியவர்கள் என்று வரம்பு வைத்தோம். காலை 6.30-க்குத் தொடங்கி 8.30-க்குள் திரும்பிவிட வேண்டும். மூடிய காலணி, முழு நீளக் கால்சட்டை, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி கட்டாயம். வழிகாட்டியாக, ஐம்பது ஆண்டாகப் பனையேறும் ஒரு தாத்தாவை அழைத்தோம். அவர் பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கால வைக்கும் முன்ன கண்ண வைக்கணும்லே."

புறப்படும் முன் பாம்புக்கடி முதலுதவியை வகுப்பில் ஒத்திகை பார்த்தோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் கால் பங்குக்கும் மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் வயதினர். அதனால் இந்த ஒத்திகையை மட்டும் எந்த ஆண்டும் விடுவதில்லை.

செய்ய வேண்டியவை: கடிபட்டவரை நடக்கவிடாமல் அமைதியாகப் படுக்கவைத்தல், கடிபட்ட கை அல்லது காலைச் சிம்பு வைத்து அசையாமல் வைத்தல், மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீங்கும் முன் கழற்றுதல், கடித்த நேரத்தைக் குறித்தல், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல்.

செய்யக்கூடாதவை: கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை தேடி நேரத்தைக் கடத்துதல், பாம்பைப் பிடிக்கப் போய் இன்னொருவரும் கடிபடுதல். நம் நாட்டில் கொடுக்கப்படும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. ஆகவே பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை.

முதல் நடை: மணலைப் படித்தல்

தேரி நடைக்கு ஏற்ற காலம் சனவரி முதல் மார்ச் வரை. காற்று அடங்கியிருக்கும், இரவில் நடமாடிய உயிர்களின் தடம் காலையில் அழியாமல் இருக்கும். முதல் நடையில் "எல்லாரும் பாம்பு பார்க்கப் போறோம்" என்று துள்ளிக்கொண்டு வந்தவர்கள், ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு பாம்பைக்கூடப் பார்க்கவில்லை. முகம் வாடிவிட்டது. நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன்.

அப்போது ஒரு மாணவி குனிந்து நின்று, "டீச்சர், இங்கன யாரோ தையல் போட்டிருக்காவ" என்றாள். மணலில் இரண்டு வரிசையாக நுணுக்கமான புள்ளிகள், தையல் போட்டதுபோலவே ஓடின. வரிசை முடிந்த இடத்தில் ஒரு கருவண்டு. அதன்பின் பிள்ளைகள் பாம்பை மறந்து மணலைப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகளில் நாங்கள் தொகுத்த தடக் குறிப்புகள் சில:

1. ஓணான்: இரு பக்கமும் சிறு விரல் தடங்கள், நடுவே சில நேரம் வால் இழுத்த கோடு.

2. உடும்பு: நக அழுத்தம் தெளிவாகத் தெரியும், நடுவே தடித்த வால் வளைந்து வளைந்து போயிருக்கும்.

3. ஆமை: அகன்று விலகிய இரு வரிசைத் தடங்கள்.

4. தேரை: சிறு தாவல்கள், கூட்டம் கூட்டமாகப் பதிந்த தடங்கள்.

5. வளைந்து ஊரும் பாம்பு: ஒரே தொடர்ச்சியான அலைக்கோடு.

6. தடித்த உடல் கொண்ட பாம்பு மெதுவாக ஊர்ந்தால்: அலையே இல்லாத நேர்ப்பட்டை.

7. சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்தால்: ஒன்றோடொன்று சேராத, சாய்ந்த தனித்தனிக் கோடுகள்.

ஏழாவதை முதலில் கண்டபோது "ஒரே பாம்பா, பல பாம்பா?" என்று பெரிய விவாதமே நடந்தது. பாம்பு தொடர்ந்து ஊர்ந்தால் கோடும் தொடர்ந்துதானே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஒரு மாணவன் தன் இடுப்பு வாரைக் கழற்றி, அதை மணலில் இடம் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினான். நழுவும் மணலில் உடலின் ஒரு பகுதியை ஊன்றி, மறு பகுதியைத் தூக்கி வைத்து நகர்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். உராய்வு விசைப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த நடையில் ஓணான்களைப் பார்த்தோம். மேட்டு மணலில் ஒரு சிறு கல்லின் மேல் ஏறி நின்ற ஆண் ஓணான், தொண்டைக்குக் கீழே இருந்த மடிப்பை விசிறிபோல் விரித்து விரித்து மூடியது. விசிறித் தொண்டை ஓணான். விரட்டினால் பின்னங்கால்களால் மட்டுமே ஓடக்கூடியது. இந்த வகையில் தென்னகத்திலிருந்து 2016-இல் விவரிக்கப்பட்ட இரண்டு இனங்களுக்குத் தமிழ்ச் சொற்களையே அறிவியல் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். ஒன்று சிட்டானா விசிறி, மற்றொன்று சிட்டானா மருதம்நெய்தல். இதைச் சொன்னதும் எங்கள் தமிழாசிரியை அடுத்த பாடவேளையில் ஐந்திணையை இந்த ஓணானிலிருந்தே தொடங்கிவிட்டார்.

"நாம பார்த்தது அந்த ரெண்டுல எது டீச்சர்?" என்று கேட்டார்கள். பார்த்த மாத்திரத்தில் இனத்தை உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன். பதிவேட்டில் "விசிறித் தொண்டை ஓணான், எந்த இனம் என்று தெரியவில்லை" என்று எழுதினோம். அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் "தெரியவில்லை" என்று ஒரு தனிக் கட்டமே இருக்கிறது. அதை நிரப்புவோருக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தெரியாத பாம்பைத் "தெரியவில்லை" என்று சொல்லப் பழகிய பிள்ளை, அதன் அருகில் போகாது.

குளிர் இரத்தமா?

ஊர்வன "குளிர் இரத்தப் பிராணிகள்" என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். "அப்ப அந்த ஓணான் ரத்தம் ஐஸ் மாதிரி இருக்குமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். விடையை அளந்தே பார்க்கலாம் என்று, ஏப்ரல் நண்பகலில் பள்ளி வளாகத்து மணலில் ஆய்வக வெப்பநிலைமானியை வைத்தோம். மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஒரு சாண் ஆழத்தில் 36-ஐ ஒட்டியே நின்றது. உடை மர நிழலில் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு.

இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "நீங்கள் ஓணானாக இருந்தால் காலை ஏழு மணிக்கு எங்கே இருப்பீர்கள்? பன்னிரண்டு மணிக்கு எங்கே?" என்று கேட்டேன். காலையில் வெயிலில் காய்வது, நண்பகலில் நிழலுக்கோ வளைக்கோ போவது, இரவில் வேட்டையாடுவது எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வந்தன. ஊர்வனவற்றின் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெற்று, இடம் மாறி மாறிச் சரிசெய்துகொள்கின்றன. சுடுமணலில் திரியும் ஓணானின் உடல் நம்முடையதைவிடச் சூடாகக்கூட இருக்கலாம். பள்ளிக்குள் மண்ணுளிப் பாம்பு ஏன் வந்தது என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. சத்துணவுக் கூடத்தின் பின்னால் நிழல் உண்டு, ஈர மணல் உண்டு, சிந்திய அரிசிக்கு வரும் எலியும் உண்டு.

இன்னொரு திருத்தமும் செய்தோம். "ஊர்வன முட்டையிடும்" என்பது பொதுவிதி. ஆனால் மண்ணுளிப் பாம்பும் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் குட்டிகளையே ஈனுகின்றன. விதியைக் கற்பிக்கும்போது விலக்கையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவதில்லை. மாறாக, இன்னும் எவையெல்லாம் விலக்கு என்று தேடுகிறார்கள்.

முதல் மழைக்குப் பிறகு

தேரி நடையில் இருவாழ்விகளைப் பார்க்க முடியாது என்றே நினைத்திருந்தேன். தோல் ஈரமாக இருந்தால்தான் தவளைக்கு வாழ்வு. இந்த மணலில் அதற்கு என்ன வேலை? அக்டோபரில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, விளையாட்டுத் திடலின் ஓரத்துக் களிமண் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பள்ளத்தைச் சுற்றித் தவளைச் சத்தம் காதைப் பிளந்தது.

"இத்தனை நாளு இதெல்லாம் எங்க இருந்துச்சு டீச்சர்?"

காலடியில்தான் இருந்தன. வறண்ட நிலத்துத் தவளைகள் சிலவற்றுக்குப் பின்னங்காலில் மண்வெட்டி அலகுபோல் கடினமான ஒரு புடைப்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே புதைந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஈர மண்ணுக்குள் அடங்கிக் கிடந்து, மழை வந்ததும் வெளியேறி, கூடி, முட்டையிடும். தவளைகள் வாயால் நீர் குடிப்பதில்லை. தோல் வழியாகவே உறிஞ்சுகின்றன. நீர் நுழையும் அதே வழியில் பூச்சிக்கொல்லியும், நம் கையில் ஒட்டியிருக்கும் சோப்பும் நுழையும். "தவளையைத் தொடாதே" என்ற விதிக்குக் காரணம் இதுதான் என்று சொன்னபோது பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

தினமும் பள்ளத்தின் அகலத்தைக் கயிற்றால் அளந்தோம். தலைப்பிரட்டைகள் வளர வளரத் தண்ணீர் சுருங்கிக்கொண்டே வந்தது. முதல் ஆண்டு தண்ணீர் முந்திக்கொண்டது. கால் முளைக்கும் முன்பே பள்ளம் வற்றி, கருப்பாய் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. வாளியில் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று ஒரு மாணவன் அழாத குறையாகச் சொன்னான். ஊற்றலாமா, இயற்கையில் தலையிடலாமா என்று அன்று முழுப் பாடவேளையும் பேசினோம். முடிவுக்கு வரவில்லை. மறு ஆண்டு இரண்டாம் மழை சரியான நேரத்தில் வந்தது. விரல்நகம் அளவுத் தவளைக் குஞ்சுகள் திடலெங்கும் தாவின. காலை வழிபாட்டுக் கூட்டத்தை அன்று திடலின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

ஒரு மாலைப்பொழுது

சென்ற ஆண்டு, நடைக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், மாலையில் காவோலை பொறுக்கும்போது விரலில் கடிபட்டார். ஓலைக்குள்ளிருந்து உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் சத்தம் வந்ததாம். சுருட்டை விரியன் உடலைச் சுருட்டி, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் எச்சரிக்கைச் சத்தம் அது. தந்தை மணிக்கட்டில் கட்டக் கயிற்றை எடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் பச்சிலை வைத்தியரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். "கட்டாதீங்கப்பா, ஆஸ்பத்திரிக்குத்தாம் போணும்" என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். அந்தச் சண்டையிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. ஆனாலும் கயிறு கட்டப்படவில்லை. வளையலும் மோதிரமும் முன்பே கழற்றப்பட்டன. கடித்த நேரத்தைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்.

அரசு மருத்துவமனையில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உறையவில்லை. விரியன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் குலைக்கும் என்பதை அவள் நேரில் பார்த்தாள். நச்சுமுறி மருந்து ஏற்றினார்கள். தாய் பிழைத்தார். அந்த விரல் மட்டும் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

பள்ளிக்குத் திரும்பிய அன்று அவள் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அந்தப் பாம்ப அடிச்சிட்டாவ. அது சத்தம் குடுத்துச்சுல்லா? அம்மாவுக்குத்தாம் அது என்ன சத்தம்னு தெரியல." நான் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நடைக்கு முன், ஓலை பொறுக்கப் போகும் தாய்மாரையும் அழைத்து, நீண்ட கம்பால் ஓலையைப் புரட்டிவிட்டு எடுக்கும் முறையைத் தாத்தாவைக் கொண்டே செய்துகாட்டச் சொன்னோம். அவளுடைய அம்மாவும் வந்திருந்தார்.

உங்கள் பள்ளியில்

தேரி எல்லா ஊரிலும் இல்லை. தேவையும் இல்லை. கண்மாய்க் கரை, பனந்தோப்பு, ஆற்று மணல், பள்ளித் திடலின் மூலை எதுவாயினும் போதும். எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

• பதிவேட்டில் ஆறு கட்டங்கள்: நாள், நேரம், இடம், பார்த்தது, வரைபடம், தெரியவில்லை. வரைந்த பிறகே பெயர் தேட வேண்டும்.

• தொடக்க வகுப்புகளுக்குப் பாம்பு வேண்டாம். பள்ளிச் சுவரின் பல்லியும் மணலின் குழியானைக் குழியும் எறும்பு வரிசையும் போதும். எண்ணவும் எழுதவும் அவையே நல்ல பாடம்.

• வளைக்குள் கை விடுதல், கல்லைப் புரட்டுதல், உயிரைப் பிடித்துக் காட்டுதல் ஆகியவற்றை ஆசிரியரே செய்தாலும் தவறு. நாம் செய்வதைத்தான் பிள்ளைகள் நாளை தனியே செய்து பார்ப்பார்கள்.

• நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு போன்றவற்றைப் பார்த்தால், இடம் தெரியும்படி படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் பகிர வேண்டாம். "இருதலைப் பாம்புக்கு லட்சம் கிடைக்கும்" என்ற புரளியை நம்பிப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

• பள்ளிக்குள் பாம்பு வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை விலக்குதல், ஒருவர் தூரத்தில் நின்று கண்காணித்தல், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுதல் என்ற மூன்றே படிகள்தான். தொலைபேசி எண்களைத் தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

எங்கள் ஊரில் பாம்பை அடிப்பது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிற்கவில்லை. ஆனால் சென்ற மாதம் சத்துணவுக் கூடத்தின் பின்னால் மறுபடியும் ஒரு பாம்பு வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தடி தள்ளி அரைவட்டமாக நின்றுகொண்டார்கள். ஒருவன் என்னைக் கூப்பிட ஓடி வந்தான். "என்ன பாம்புலே?" என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர். அதாம் கிட்ட போகல" என்றான்.